கோப்பு உங்களுடையதுதான், கணினி ஏன் திறக்க மறுக்கிறது?

அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்த லேப்டாப் ஒரு நாள் காலை எழுந்திருக்கவே இல்லை. மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் பழுது பார்ப்பவர். டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி கேபிள் உள்ள ஒரு கேசிங்கில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து புதிய கணினியில் செருகினேன். டிரைவ் தெரிந்தது, ‘யூசர்ஸ்’ கோப்புறை தெரிந்தது, அதற்குள் அப்பாவின் பெயரும் தெரிந்தது. அந்தப் பெயரைக் கிளிக் செய்ததும், இந்தக் கோப்புறையைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு சிறு பெட்டி வந்து நின்றது.

இந்த இடத்தில் பலர் பயந்துபோய், டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்வதைக் கேட்டு உள்ளதையும் இழந்தவர்கள் உண்டு. அந்தப் பெட்டியைக் கண்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். படங்கள் உள்ளே அப்படியே இருக்கின்றன. பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு மாலை நேரத்தில் நீங்களே எடுத்துவிடலாம்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது?

விண்டோஸ் கணினியின் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற முறையில் அமைக்கப்பட்டிருக்கும். 1993-இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த முறை இது. இந்த முறையில் ஒவ்வொரு கோப்புடனும் இரண்டு விவரங்கள் சேர்த்து எழுதப்படுகின்றன. உரிமையாளர் யார் என்பது ஒன்று. யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல் இன்னொன்று. முதலாவது நிலத்தின் பட்டா மாதிரி. இரண்டாவது, யாரை உள்ளே விடலாம் என்று வீட்டுக்காரர் காவலாளியிடம் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி. பட்டா உங்கள் பெயரில் இருந்தால் சீட்டை எப்போது வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம். சரிசெய்யும் வேலையில் முதலில் பட்டா, பிறகு சீட்டு என்ற வரிசை வருவது இதனால்தான். வரிசை மாறினால் எவ்வளவு கிளிக் செய்தாலும் நகராது.

பெயர் என்று சொன்னேன். உண்மையில் விண்டோஸ் பெயரை எழுதி வைப்பதில்லை. கணக்கு உருவாகும்போது அதற்கு ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கொடுக்கிறது. வீட்டுக் கணினிகளில் அது எஸ்-1-5-21 என்று தொடங்கும். கோப்பில் பதிவாவது அந்த எண்தான். புதிய கணினியில் அதே பெயரில், அதே கடவுச்சொல்லில் கணக்குத் தொடங்கினாலும் எண் வேறாகத்தான் இருக்கும். கடவுச்சொல் சரியாகத் தெரிந்தும் கதவு திறக்காததன் காரணம் இதுவே. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிய கணினியிலும் பழைய கோப்புறைகள் சில இப்படி முரண்டு பிடிக்கும்.

கை வைப்பதற்கு முன்

திறக்க மறுக்கும் எல்லாக் கோப்பும் அனுமதிச் சிக்கல் அல்ல. அழிக்க முடியவில்லை, வேறொரு செயலியில் திறந்திருக்கிறது என்று செய்தி வந்தால் அந்தச் செயலியை மூடினாலே போதும். எது என்று தெரியாவிட்டால் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மெமரி கார்டில் எழுத முடியவில்லை என்றால் அதன் பக்கவாட்டில் உள்ள சிறு தாழ்ப்பாளைப் பாருங்கள். அது ‘லாக்’ பக்கம் தள்ளப்பட்டிருக்கும். மின்னஞ்சலில் வந்த கோப்பு முரண்டு பிடித்தால், அதன்மேல் வலது கிளிக் செய்து ‘புராப்பர்ட்டீஸ்’ திறந்து, முதல் பக்கத்தின் அடியில் ‘அன்பிளாக்’ என்ற கட்டம் இருந்தால் டிக் செய்யுங்கள்.

அதே பக்கத்தில் ‘ரீட் ஒன்லி’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு கோப்புக்கு அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கோப்புறை விஷயம் வேறு. எந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தாலும் அந்தக் கட்டம் ஒரு சதுரத்தால் நிரம்பியே தெரியும். அதை நீக்கி, சேமித்து, மறுபடி பார்த்தால் திரும்ப வந்து நிற்கும். புதியவர்கள் இதனுடன் ஒரு மணி நேரம் போராடுவதைப் பார்த்திருக்கிறேன். கோப்புறைக்கு அந்தச் சதுரம் எதையும் தடுப்பதில்லை. விட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. டிரைவைத் திறக்கும்போதே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால் அது பிட்லாக்கர்; டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யும், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும், விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த கணினியாக இருந்திருந்தால், பெரும்பாலும் அந்த எண் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; தேடிப் பாருங்கள். கோப்பின் ஐகானில் சிறு பூட்டுப் படம் இருந்தாலோ, பழைய விண்டோஸில் கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தாலோ, அது கோப்பு அளவில் குறியாக்கம் செய்யப்பட்டது. அதற்குப் பழைய கணினியின் சான்றிதழும் திறவுகோலும் வேண்டும். பட்டாவை மாற்றினாலும் அந்தக் கோப்பு திறக்காது. கீழே சொல்லப்போகும் வழிகள் குறியாக்கம் இல்லாத கோப்புகளுக்கு மட்டுமே.

டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தம் போட்டாலோ, அடிக்கடி மறைந்து மறைந்து தோன்றினாலோ அனுமதியை மாற்றும் வேலையில் இறங்காதீர்கள். அனுமதியை மாற்றுவது என்றால் ஆயிரக்கணக்கான கோப்புகளின் பதிவைத் திருத்தி டிஸ்க்கில் எழுதுவது. நொந்துபோன டிஸ்க்குக்கு அந்தச் சுமை ஆகாது. தகவல் மீட்புத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வேலையைத் தொடங்கலாம்

நீங்கள் நுழைந்திருக்கும் கணக்கு நிர்வாகிக் கணக்காக இருக்க வேண்டும். ‘செட்டிங்ஸ்’ திறந்து ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் பார்த்தால் உங்கள் பெயருக்குக் கீழே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று எழுதியிருக்கும். இல்லையென்றால், வீட்டில் யாருடைய கணக்கில் அப்படி இருக்கிறதோ அவருடைய கணக்கில் நுழையுங்கள்.

முதலில் எளிய வழி. கோப்புறையை இரண்டு முறை கிளிக் செய்ததும் வரும் பெட்டியில் ‘கன்டினியூ’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். உங்கள் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் வேலையை விண்டோஸே செய்யும். பச்சைப் பட்டை மெதுவாக நகரும். கோப்புகள் நிறைய இருந்தால் பத்து இருபது நிமிடங்கள்கூட ஆகலாம். நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் கேபிளைப் பிடுங்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால், அதாவது ‘செக்யூரிட்டி’ பக்கத்துக்குப் போகச் சொல்லி இன்னொரு பெட்டி வந்தால், நேரடியாக இறங்க வேண்டியதுதான். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1. முழு டிரைவையும் தொடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய கோப்புறையை மட்டும் தேர்ந்தெடுங்கள். எங்கள் வீட்டில் அது ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் அப்பாவின் பெயரில் இருந்த கோப்புறை. வலது கிளிக் செய்து ‘புராப்பர்ட்டீஸ்’, அதில் ‘செக்யூரிட்டி’ பக்கம், அதன் கீழே ‘அட்வான்ஸ்டு’ பொத்தான்.

2. திறக்கும் பெரிய பெட்டியின் மேற்புறத்தில் ‘ஓனர்’ என்ற வரி இருக்கும். அங்கே எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்ணோ, உரிமையாளரைக் காட்ட முடியவில்லை என்ற குறிப்போ தெரியும். அது அந்தச் செத்துப்போன கணினியின் கணக்கு. வரியின் ஓரத்தில் உள்ள ‘சேஞ்ச்’ என்பதைக் கிளிக் செய்யுங்கள்.

3. வெற்றுப் பெட்டியில் உங்கள் கணக்கின் பெயரைத் தட்டச்சு செய்து ‘செக் நேம்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். பெயர் சரியாக இருந்தால் அடிக்கோடு விழும். அதன் பிறகு ‘ஓகே’.

4. ‘ஓனர்’ வரிக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் தோன்றியிருக்கும். உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புறைகளுக்கும் கோப்புகளுக்கும் உரிமையாளரை மாற்று என்பது அதன் பொருள். அதை டிக் செய்து ‘அப்ளை’ அழுத்துங்கள். இதை மறந்தால் வெளிக்கதவு திறக்கும், உள் அறைகள் பூட்டியே இருக்கும். அனுமதிகளையும் மாற்றி எழுதவா என்று விண்டோஸ் நடுவில் கேட்டால் ‘யெஸ்’ கொடுங்கள். உங்கள் சொந்தக் கோப்புறைதானே.

5. எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு ‘புராப்பர்ட்டீஸ்’ பெட்டியைப் புதிதாகத் திறங்கள். திறந்திருந்த பழைய பெட்டிக்குப் பட்டா மாறியது தெரியாது.

6. மறுபடி ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’. இப்போது ‘ஆட்’ பொத்தான். வரும் பெட்டியின் மேலே உள்ள நீல நிற எழுத்தைக் கிளிக் செய்து முன்போலவே உங்கள் பெயரைக் கொடுங்கள். ‘ஃபுல் கண்ட்ரோல்’ டிக் செய்யுங்கள். எவற்றுக்கெல்லாம் பொருந்தும் என்ற வரியில் இந்தக் கோப்புறை, உட்கோப்புறைகள், கோப்புகள் மூன்றும் இருக்க வேண்டும். ‘ஓகே’.

7. பெட்டியின் அடியில் ஒரு கட்டம் உண்டு. உள்ளே இருப்பவற்றின் தனித்தனி அனுமதிகளை நீக்கிவிட்டு இந்தக் கோப்புறையின் அனுமதியையே எல்லாவற்றுக்கும் கொடு என்பது அதன் பொருள். உங்கள் படங்கள், ஆவணங்கள் உள்ள கோப்புறை என்றால் தயங்காமல் டிக் செய்து ‘அப்ளை’ அழுத்தலாம்.

இப்போது கோப்புறை திறக்கும். திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, படங்களைப் புதிய கணினிக்கு ‘காப்பி’ செய்வது. ‘கட்’ வேண்டாம். நகல் எடுத்து முடித்தபின், நடுநடுவே பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து பாருங்கள். வீடியோக்களைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பழைய டிஸ்க்கை உடனே அழிக்காமல் அலமாரியில் வையுங்கள்.

மூன்றாம் படியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். உங்கள் பெயரைக் கொடுத்தால் அப்படி ஒருவர் இல்லை என்று விண்டோஸ் சொல்லும். திரையில் தெரியும் பெயரும் கணக்கின் உட்பெயரும் வேறாக இருப்பதே காரணம். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் முழு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெட்டியிலேயே உள்ள ‘அட்வான்ஸ்டு’ பொத்தானையும், அடுத்து ‘ஃபைண்ட் நௌ’ பொத்தானையும் அழுத்துங்கள். கணினியில் உள்ள எல்லாப் பெயர்களும் வரிசையாக வரும். உங்களுடையதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

‘டினை’ என்று ஒரு கட்டத்தையும் அங்கங்கே பார்ப்பீர்கள். யாருக்கும் அதை டிக் செய்யாதீர்கள். ஒரே கோப்புறையில் ஒருவருக்கு அனுமதியும் மறுப்பும் சேர்ந்து எழுதப்பட்டிருந்தால் மறுப்புதான் செல்லும். ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு மறுப்பு எழுதினால் அந்த எல்லோரில் நீங்களும் அடக்கம்.

தொடக்கூடாத இடங்கள்

மேலே சொன்ன வழி உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் சி டிரைவ் முழுவதற்கும் இதைச் செய்யாதீர்கள். ‘விண்டோஸ்’, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஆகிய கோப்புறைகளில் முக்கியமான கோப்புகளின் உரிமையாளர் ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்று இருக்கும். வைரஸோ, தெரியாமல் நீங்களோ அவற்றை மாற்றிவிடாமல் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதைப் பிடுங்கி உங்கள் பெயருக்கு மாற்றினால் உடனே எதுவும் தெரியாது. பிறகு அப்டேட் நிற்கும், ஸ்டார்ட் மெனு திறக்காது, செயலிகள் ஒவ்வொன்றாக மறுக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் முன்பு என்ன அனுமதி இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. கையால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது நடக்காத காரியம். அப்படி ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால், கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, ‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘ரெகவரி’ வழியாகக் கணினியை ரீசெட் செய்வதே நேரான வழி. சொந்தக் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு அங்கே உண்டு. நிறுவிய செயலிகளும் நீங்கள் மாற்றி வைத்த செட்டிங்ஸும் போய்விடும்.

சி டிரைவில் மறைந்திருக்கும் ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ கோப்புறையைத் திறக்க முடியவில்லை என்று கவலைப்படுபவர்கள் நிறைய. அது கோப்புறையே அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் செயலிகள் வழி தவறாமல் இருக்க, ‘யூசர்ஸ்’ கோப்புறையைக் காட்டும் ஒரு கைகாட்டிப் பலகை. திறக்கக்கூடாது என்றே அதற்கு மறுப்பு எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே உங்கள் பொருள் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

விண்டோஸைப் புதிதாக நிறுவியவர்களுக்கு ஒரு அவசரக் குறிப்பு. டிஸ்க்கை அழிக்காமல் நிறுவியிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்று ஒரு கோப்புறை இருக்கும். பழைய படங்கள் அதற்குள் இருக்கும் ‘யூசர்ஸ்’ கோப்புறையில் கிடைக்கலாம். 10 நாட்களில் விண்டோஸ் தானே அதை அழித்துவிடக்கூடும். இன்றே பாருங்கள்.

ஒரே கணினி, இரண்டு பேர்

வீட்டுக்குள் தினமும் நடப்பது இது. நீங்கள் உங்கள் ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறையிலிருந்து மகளின் பள்ளிப் பாடத்தைக் ‘கட்’ செய்து பொதுக் கோப்புறையில் போடுகிறீர்கள். மகள் தன் கணக்கில் நுழைந்து கிளிக் செய்தால் அனுமதி இல்லை. ஒரே டிரைவுக்குள் நகர்த்தும்போது கோப்பு தன் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். ‘காப்பி’ செய்து ஒட்டினால் அது புதிய கோப்பாகப் பிறந்து, போய்ச் சேர்ந்த இடத்தின் அனுமதியை வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நகர்த்திவிட்டிருந்தால் ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ போய், ‘எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ என்ற பொத்தான் தெரிந்தால் அழுத்துங்கள். மேல் கோப்புறையின் அனுமதி கீழே இறங்கும். அது இல்லாவிட்டால் கோப்பைக் காப்பி செய்து ஒட்டி, பழையதை அழித்துவிடலாம். எல்லோருக்கும் பொதுவானவற்றை வைக்க ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள்ளேயே ‘பப்ளிக்’ என்று ஒரு இடம் தயாராக இருக்கிறது.

செயலி மட்டும் மறுத்தால்

கோப்புறையை நீங்கள் திறக்க முடிகிறது, படம் திருத்தும் செயலி மட்டும் ‘பிக்சர்ஸ்’ கோப்புறையில் சேமிக்க மறுக்கிறது என்றால் அனுமதிப் பட்டியலைத் தொட வேண்டியதில்லை. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் அடியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய செயலி) பகுதியைப் பாருங்கள். ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இயக்கத்தில் இருந்தால், தெரியாத செயலிகள் உங்கள் கோப்புறைகளில் எழுதுவதை அது தடுக்கும். நல்ல காவல்தான், அணைக்க வேண்டாம். நம்பும் செயலியை மட்டும் அனுமதிக்கப்பட்டவற்றில் சேருங்கள்.

மேக், உபுண்டு

மேக் கணினியில் விண்டோஸ் டிஸ்க்கைச் செருகினால் படிக்கலாம், எழுத முடியாது. என்டிஎஃப்எஸ் முறையில் எழுத மேக் தானாக அனுமதிப்பதில்லை. இதை அனுமதிச் சிக்கல் என்று நினைத்து அலைய வேண்டாம். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பு முதல் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய இடங்களைத் தொட ஒவ்வொரு செயலியும் உங்களிடம் கேட்கிறது. அவசரத்தில் மறுத்திருந்தால், ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ பகுதியின் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தில் திரும்பக் கொடுக்கலாம்.

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினியில் கணக்கு எளிது. உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று வகை ஆட்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. கொடுக்கும் அனுமதிகளைக் கூட்டி, அதே வரிசையில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் இலக்கம். சாதாரணக் கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 போதும். கோப்புறைக்கு ‘இயக்க’ என்ற அனுமதிதான் உள்ளே நுழையும் உரிமை. அது இல்லாவிட்டால் பெயர்கள் தெரிந்தாலும் கோப்புகள் திறக்காது. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடு என்ற அறிவுரையை ஏற்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிடும். தவிர, வேறு கணினிகளுக்குள் நுழைய வைத்திருக்கும் ரகசியத் திறவுகோலின் அனுமதி இவ்வளவு தளர்வாக இருந்தால், அப்படி நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்ற செயலி அதை ஏற்கவே மறுக்கும். நிர்வாகி அதிகாரத்தில் இயக்கும் ‘சூடோ’ கட்டளை போட்டு நகலெடுத்த கோப்புகள் ‘ரூட்’ என்ற நிர்வாகியின் பெயருக்குப் போய்விடுவதுதான் அங்கே வரும் வழக்கமான சிக்கல். உரிமையாளரை உங்கள் பெயருக்குத் திருப்பினால் தீர்ந்தது.

விண்டோஸில் எதுவும் பலிக்காமல் சோர்ந்துபோனவர்களுக்கும் உபுண்டு கைகொடுக்கும். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கலாம். பழைய டிஸ்க்கைச் செருகினால், விண்டோஸ் எழுதிய அனுமதிப் பட்டியலைப் பார்க்காமலேயே கோப்புறைகளைத் திறந்து காட்டும், நகல் எடுத்துக்கொள்ளலாம். பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. உங்களால் இப்படித் திறக்க முடிகிறது என்றால், அந்த டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் அவராலும் திறக்க முடியும். வங்கி விவரங்களும் ஆதார் நகலும் உள்ள பழைய டிஸ்க்கை, அனுமதிப் பூட்டு இருக்கிறதே என்று நம்பி விற்றுவிடாதீர்கள். அதற்குக் குறியாக்கம் வேண்டும். அல்லது விற்பதற்கு முன் முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்ய வேண்டும். அப்போது ‘குவிக் ஃபார்மேட்’ என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.